கூடப் பிறக்காத அண்ணன்... பெறாத பிள்ளை!

உங்கள் வீட்டு ரேஷன் கார்டை ஒரு நிமிஷம் மனசுக்குள் புரட்டிப் பாருங்கள். எத்தனை பெயர் இருக்கிறது? நாலு? அஞ்சு?

இப்போது வேறு ஒரு பட்டியல் போடுவோம். ராத்திரி இரண்டு மணி. வீட்டில் பெரியவருக்கு நெஞ்சைப் பிசைகிறது. யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவீர்கள்? வண்டி எடுத்துக்கொண்டு ஓடி வரப் போவது யார்? ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்காரப் போவது யார்?

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இரண்டும் ஒத்துப்போகாது! மகன் சிங்கப்பூரில் இருப்பார், மகள் சென்னையில் இருப்பாள். ஓடி வருவது எதிர் வீட்டு பாயோ, மாடியில் குடியிருக்கும் டீச்சரோ, கூட வேலை பார்த்து ரிடையரான நண்பரோதான்.

ஆஸ்பத்திரியில் போனதும் முதல் கேள்வி என்ன? "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

அந்த இடத்தில் எதிர் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ஒரு கணம் திகைப்பார். பிறகு, "நான் அவருக்குத் தம்பி மாதிரி" என்பார். இந்த 'மாதிரி' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உலகத்தின் நல்ல நாவல்கள் பலவும் இந்த 'மாதிரி'யைத்தான் துருவித் துருவி ஆராய்ந்திருக்கின்றன. அதில் நம் உடம்புக்கும் மனசுக்கும் உதவுகிற சங்கதி நிறைய இருக்கிறது.

பெண்ணாடத்துக் குழந்தை

நாவலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழைய கதை. விழுப்புரம் - திருச்சி கார்டு லைனில் விருத்தாசலம் தாண்டினால் பெண்ணாடம். வெள்ளாற்றங்கரை ஊர். சுற்றிலும் கரும்பு. யானையின் முதுகு போல விமானம் அமைந்த தூங்கானைமாடக் கோயில் இங்கேதான் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த ஊரில் அச்சுத களப்பாளர் என்பவருக்கு ரொம்ப நாள் குழந்தை இல்லாமல் இருந்து ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. சின்ன வயசிலேயே குழந்தையைத் தாய்மாமன் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்துப் போய் வளர்த்தார். அங்கே பரஞ்சோதி முனிவர் அந்தப் பிள்ளைக்கு உபதேசம் செய்து 'மெய்கண்டார்' என்று பெயர் வைத்தார் என்பது வரலாறு. பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தவர் இவர்தான்.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். களப்பாளர் குடும்பத்தின் குலகுரு, வயதில் மூத்த பெரிய பண்டிதர், 'இந்தச் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?' என்று சோதிக்க வந்தார். கடைசியில் அந்தப் பிள்ளைக்கே சீடராகிவிட்டார். அவர்தான் அருணந்தி சிவாச்சாரியார். அவருக்குப் பின் மறைஞானசம்பந்தர். அவருக்குப் பின் உமாபதி சிவம். உமாபதியார் தில்லை தீட்சிதர் குலத்தில் பிறந்தவர். மறைஞானசம்பந்தரை குருவாக ஏற்றுக்கொண்டதற்காகச் சொந்த சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது, அவர் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் போய்த் தங்கினார் என்று சொல்வார்கள்.

இந்த நாலு பேரும் யாருக்கு யார் பிள்ளை? ஒருவரும் இல்லை! ஆனால் நாலு பேரையும் சேர்த்து சைவ உலகம் என்ன பெயரிட்டு அழைக்கிறது தெரியுமா? 'சந்தான குரவர்கள்'. சந்தானம் என்றால் பிள்ளை, வம்சம். பெற்றெடுக்காத வரிசைக்கு வம்சம் என்று பெயர் வைக்க நம்மவர்கள் எழுநூறு வருஷத்துக்கு முன்பே தயங்கவில்லை. இதை இன்று படித்தவர்கள் 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்கிறார்கள்.

கடலூர்க்காரர் எழுதிய ஹென்றி

இதே கடலூர் மாவட்டத்தில், மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர். சிறு வயதிலேயே சென்னைக்குப் போய், கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூன் வீட்டில் தோழர்களோடு வளர்ந்தவர். பெற்றவர்கள் இல்லாத வீட்டில், ஒரே பானைச் சோறு சாப்பிட்டு, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே ஆளானவர்.

அவர் எழுதிய 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலைப் படிக்காதவர்கள் அவசியம் படியுங்கள். அதில் ஹென்றி என்று ஓர் இளைஞன். பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் ஜனங்கள் நடந்தே தப்பி வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் கிடைத்த குழந்தை அவன். சபாபதிப் பிள்ளை என்பவர் வளர்க்கிறார். அவர் காலமான பிறகு, அவர் பிறந்த கிருஷ்ணராஜபுரம் கிராமத்தைத் தேடி வருகிறான் ஹென்றி. பூட்டிக் கிடக்கும் அப்பாவின் வீடு மட்டும்தான் அவனுக்கு வேண்டும்.

ஊர் என்ன கேட்கும்? "நீ என்ன ஜாதி? என்ன மதம்? அவருக்கு நீ என்ன வேணும்?" அதேதான் கேட்கிறது. ஆஸ்பத்திரிக் கேள்வி!

சபாபதிப் பிள்ளையின் தம்பி துரைக்கண்ணு, லாரி டிரைவர். அண்ணன் சொத்தை அனுபவித்து வருகிறவர். சாதாரணக் கதையாக இருந்தால் இவர்தான் வில்லன். ஆனால் ஜெயகாந்தன் அப்படி எழுதவில்லை. ஹென்றியை 'என் அண்ணன் பிள்ளை' என்று முழு மனசோடு ஏற்றுக்கொள்கிறார் துரைக்கண்ணு. ஊர் வாத்தியார் தேவராஜன், அவருடைய அக்கா அக்கம்மாள் எல்லாரும் ஒவ்வொருவராக அவனுக்குச் சொந்தமாகிறார்கள். மனநிலை சரியில்லாமல் எங்கிருந்தோ வந்த ஒரு பெண்ணுக்குக்கூட 'பேபி' என்று பெயர் வைத்து அந்த வீட்டில் இடம் கொடுக்கிறார்கள். ஒரு நாள் அவள் சொல்லாமல் போயும் விடுகிறாள். தேர்ந்தெடுத்த உறவில் இதுவும் உண்டு. கட்டிப்போட முடியாது.

மூன்று வகைக் கதைகள்

இந்த மாதிரி நாவல்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, பெறாத பிள்ளையை வளர்ப்பது. விக்தர் ஹ்யூகோ 1862-ல் எழுதிய நாவலை சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950-ல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. ரொட்டி திருடியதற்காகச் சிறைக்குப் போன ஒருவன், சாகக் கிடக்கும் ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக அவள் மகளைத் தன் மகளாகவே வளர்க்கிறான். அந்தக் குழந்தையை வளர்க்கப் போய்த்தான் அவன் மனசிலேயே ஈரம் ஊறுகிறது. கனடாவில் மாண்ட்கோமரி என்ற அம்மையார் 1908-ல் எழுதிய ஆன் என்ற அநாதைப் பெண்ணின் கதையும் இப்படித்தான். வயதான அண்ணனும் தங்கையும் வயல் வேலைக்கு உதவியாக ஒரு பையனைக் கேட்டு எழுதுகிறார்கள். வந்து இறங்குவதோ ஓயாமல் பேசும் பதினோரு வயசுப் பெண்! திருப்பி அனுப்ப நினைத்தவர்களுக்குக் கடைசியில் அவள்தான் துணை. தாகூரின் 'கோரா'வில், ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த குழந்தையை எடுத்து வளர்க்கிறாள் ஆனந்தமயி. அந்தக் குழந்தையை மடியில் வாங்கிய அன்றைக்கே அவளுக்கு ஜாதி ஆசாரமெல்லாம் விட்டுப் போகிறது.

இரண்டாவது வகை, வந்தவனை ஊர் ஏற்பது. ஹென்றி கதை இந்த வகை.

மூன்றாவது வகை, வீடு துரத்தியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வீடு கட்டுவது. விருத்தாசலத்துக்கு வடக்கே உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் கூவாகம் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் ஊர் ஊராக வந்து கூடும் இடம். அவர்கள் வாழ்க்கையை 1990-களில் சு.சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலாக எழுதினார். இன்ஜினீயரிங் படிக்கப் போன சுயம்பு என்ற கிராமத்துப் பையன், தன்னைப் பெண்ணாக உணர்கிறான். வீட்டில் அடி, அவமானம். வீட்டை விட்டு வெளியேறி, மேகலையாகிறான். பெற்ற வீடு கைவிட்ட பிள்ளையை, மூத்த திருநங்கைகள் 'மகளே' என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

இது கதைக்காகச் சொன்னது அல்ல. திருநங்கைகளிடையே தாய் - மகள் முறை நிஜமாகவே உண்டு. பெரியவர்கள் முன்னிலையில் மகளாக ஏற்பது, பாட்டி, சித்தி என்று உறவு வரிசை வைப்பது, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாற்பது நாள் கூட இருந்து பத்தியச் சாப்பாடு கொடுத்துக் கவனிப்பது என்று எல்லாம் உண்டு. அதே சமயம் அங்கேயும் அதட்டல், பணப் பிரச்னை, மனக்கசப்பு எல்லாம் உண்டு. குடும்பம் என்று வந்துவிட்டால் எல்லாம்தானே!

'அத்தை' என்று கூப்பிட்டால் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. முறை வைத்துக் கூப்பிடுவதாலேயே ஒருவர் சொந்தமாகிவிட மாட்டார். இதைப் புரியவைக்கிற நாவலும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்தில் வசிக்கும் எழுத்தாளர் இமையம் 1994-ல் எழுதிய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்'. அதன் நாயகி பெயரே ஆரோக்கியம். காலனி ஜனங்களுக்குத் துணி வெளுப்பவள். வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்குபவள். பிரசவமா, சாவா, எதுவும் அவள் இல்லாமல் நடக்காது. ஊரே தன் குடும்பம் என்று நம்பியிருப்பவள். ஆனால் களத்தில் தானியம் அளக்கும் நேரம் வரும்போது அந்தக் குடும்பத்தில் அவளுக்கு என்ன இடம் என்பது தெரிந்துவிடுகிறது.

ஒரு பக்கம் மட்டும் உழைத்து, மறு பக்கம் மட்டும் அனுபவித்தால் அது குடும்பம் ஆகாது. 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று வேலைக்காரம்மாவைச் சொல்கிறோமே, அவருக்குக் காய்ச்சல் வந்தால் நாம் போய்ப் பார்க்கிறோமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோமா? உறவா, வெறும் வார்த்தையா என்பது அங்கே தெரிந்துபோகும்.

அது சரி, உடம்புக்கு என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது! உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். தனிமையோடு தொடர்புள்ள மரணங்கள் வருஷத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம், அதாவது மணிக்கு சுமார் நூறு! மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், மனச்சோர்வு, ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் தனிமை வாசலைத் திறந்துவிடுகிறது என்கிறது அந்த அறிக்கை. இது வயதானவர்கள் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 13 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்களிடம் தனிமை உணர்வு அதிகம். ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் பிள்ளையும் இதில் சேர்த்திதான்.

அமெரிக்காவில் 2010-ல் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நல்ல உறவுப் பிணைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. கவனியுங்கள், இந்த ஆய்வுகள் ரத்த சொந்தத்தை மட்டும் அளக்கவில்லை. கணவன் மனைவி, நண்பர்கள், அக்கம்பக்கம், சேர்ந்து செயல்படும் கூட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு.

ஏன் இப்படி? தனிமை என்றதும் உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. கார்ட்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் ஏறுகின்றன. ரத்த அழுத்தம் கூடுகிறது. தூக்கம் கெடுகிறது. இன்னொரு பக்கம், சாதாரண விஷயங்களும் கெடுகின்றன. தனி ஆளுக்கு என்ன சமையல் என்று காலையில் வைத்த ரசத்தையே ராத்திரியும் ஊற்றிக்கொள்வது... பிரஷர் மாத்திரை தீர்ந்து நாலு நாளானாலும் வாங்கி வர ஆள் இல்லாமல் விடுவது... 'என்ன, முகம் ஒரு பக்கமா இழுக்குதே' என்று பார்த்துச் சொல்ல ஒருத்தர் இல்லாமல் போவது. பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் எத்தனை முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நாவல் படித்தால் தனிமை போய்விடுமா? போகாது. புத்தகம் மாத்திரை அல்ல. ஆனால் 50 வயது தாண்டிய 3,635 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2016-ல் வெளியானது. புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள், படிக்காதவர்களைவிட சராசரியாக 23 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றது அது. புத்தகம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் இந்த வகை நாவல்களுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. அந்நியர் சொந்தமாவது எப்படி என்று படிப்படியாகக் காட்டுகின்றன. அதைப் பார்த்து நாமும் பழகலாம்.

நாவல்கள் சொல்லித்தரும் ஐந்து பாடங்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டீ கப்பும் அதன் கைப்பிடியும் தனித்தனியாகச் செய்யப்படுபவை. இரண்டிலும் ஈரம் இருக்கும்போதே, ஒட்டும் இடத்தைச் சுரசுரப்பாக்கி, களிமண் கூழைத் தடவி ஒட்டுவார்கள். காய்ந்த பிறகு ஒட்டினால் நிற்காது. உறவும் கிட்டத்தட்ட அப்படித்தான். சூளைக்குப் போகிற சமயத்தில் ஒட்டப் பார்ப்பது வீண். முன்னாலேயே ஒட்ட வேண்டும்.

1. சேர்ந்து சாப்பிடுங்கள். எந்த நாவலை எடுத்தாலும் அந்நியன் சொந்தமாகும் இடம் சாப்பாட்டு நேரம்தான். வாரம் ஒரு வேளையாவது வீட்டில் வெளியாள் ஒருவரோடு சாப்பிடுங்கள். பலகாரம் கொடுத்தனுப்புவது வேறு, உட்கார வைத்துப் பரிமாறுவது வேறு.

2. கேட்கவும் பழகுங்கள். உதவி செய்வது சுலபம். 'எனக்கு ஒரு உதவி வேணும்' என்று கேட்பதுதான் கஷ்டம். கொடுப்பவர் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது தர்மம். வாங்கிக்கொள்ளவும் தெரிந்தால்தான் உறவு.

3. சின்னச் சின்னப் பொறுப்பைத் தவறாமல் செய்யுங்கள். தினமும் காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியை 'காபி ஆச்சா?' என்று ஒரு குரல் கேட்பது போதும். அதை ஒரு நாள் விடாமல் கேட்க வேண்டும். ஒரு நாள் பதில் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும் பாருங்கள்!

4. சண்டை வந்தால் விட்டுப் போகாதீர்கள். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டால் பொங்கலுக்குச் சேர்ந்துகொள்கிறோம். நண்பரோடு சண்டை என்றால் அதோடு விட்டுவிடுகிறோம். தேர்ந்தெடுத்த உறவு நிலைப்பது மறுபடி போய்ப் பேசுவதால்தான்.

5. போக விரும்புகிறவரைப் போக விடுங்கள். 'உனக்கு எத்தனை செஞ்சேன்' என்று கணக்குக் காட்டினால், அது அன்றைக்கே கடன் பாக்கி ஆகிவிடும்.

'அப்ப சொந்தக்காரங்களே வேண்டாம்னு சொல்றீங்களா?' என்று மாமியார்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பதும் நிஜம்தான். ஆடுகிற சதை பக்கத்தில் இருக்க வேண்டுமே! பெற்ற பிள்ளைகளுக்குப் பதில் வேறு ஆள் என்பது அல்ல விஷயம். கூடுதலாக இரண்டு தூண் இருந்தால் பிள்ளைகளுக்கும் பாரம் குறைகிறது.

நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். குழந்தைகள் இல்லை. கணவர் மறைந்த பிறகு, சென்னையில் விச்ராந்தி முதியோர் இல்லத்தில் இருந்தார். பிறகு போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் இருந்து, 2014-ல் அங்கேதான் காலமானார். கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இல்லத்தாரும் மருத்துவமனைக்காரர்களும் நண்பர்களும்தான்.

பேப்பரில் எழுதி வையுங்கள்!

நாவலில் துரைக்கண்ணு 'இவன் என் அண்ணன் பிள்ளை' என்று சொன்னதும் ஊர் ஒப்புக்கொள்கிறது. நிஜ வாழ்க்கையில் ஒரு வார்த்தை போதாது. கையெழுத்து வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

• அவசரச் சிகிச்சைக்கு உறவு முறை தடையில்லை. உயிருக்கு ஆபத்தாக வந்தவருக்கு உடனே சிகிச்சை தருவது டாக்டரின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோயாளி நினைவோடு இருக்கும் வயது வந்தவர் என்றால், அவருடைய சம்மதம்தான் முதலில்.

• 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த யாரும் தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சாதாரண வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ, கைநாட்டோ வைத்தால் போதும்.

• கடைசிக் கட்டத்தில் எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023-ல் அது சுலபமாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசரிடம் சான்று வாங்கலாம். உங்கள் சார்பில் பொறுப்பேற்பவர்கள் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும்.

• பாங்க் கணக்குக்கு நாமினியாக நண்பரையும் போடலாம். 2025 நவம்பர் முதல் நாலு பேர் வரை போட வசதி வந்திருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். அவருக்கே சேர வேண்டும் என்றால் இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதுங்கள்.

• உறுப்பு தானத்தில், நெருங்கிய உறவினர் அல்லாதவர் அன்பின் காரணமாகச் சிறுநீரகம் தர விரும்பினால், அதற்கான அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பணம் கைமாறவில்லை என்று குழு திருப்தி அடைய வேண்டும். 1994-ம் வருஷச் சட்டமே 'அன்பு, பற்று' என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது!

நீதிமன்றங்களும் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்று இல்லை, 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்பது ஏற்கப்பட்ட கருத்துதான் என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வயது வந்த ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு விரோதமாகப் பெற்றோர் வீட்டில் வைத்திருந்த வழக்கு அது. தான் விரும்பிய துணையோடு போக அவளுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது.

கூடவே ஒரு ஜாக்கிரதை. 'அம்மா, அம்மா' என்று வந்து ஒட்டிக்கொண்டு ஏ.டி.எம். கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் குறி வைக்கிறவர்களும் உண்டு. உறவு எத்தனை நெருக்கமானாலும் உயிரோடு இருக்கும்போதே மொத்தச் சொத்தையும் எழுதிக் கொடுக்காதீர்கள். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கினவர் பராமரிக்கவில்லை என்றால், 2007-ம் வருஷ மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முதியவர்களுக்கான இலவச உதவி எண் 14567. போனில் பதிந்து வையுங்கள். பிள்ளைகளிடம் மறைத்து எதையும் செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பர் அவர்களிடமும், அவர்கள் நம்பர் பக்கத்து வீட்டுக்காரரிடமும் இருக்கட்டும்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

ஹென்றியிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கண் மங்கிய பெரியவர் வீட்டில் இருந்தால், தினம் பத்துப் பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவரோடு பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். டிபன் வேளைக்கு முன்னால் அரை மணி நேரம் போதும். கதையில் துரைக்கண்ணு வரும்போது பாட்டிக்குத் தன் தம்பி ஞாபகம் வரும். பேச ஆரம்பிப்பார். படிப்பு நின்றுபோகும். நிற்கட்டும், அதற்காகத்தானே படிக்கிறோம்!

'கோவேறு கழுதைக'ளையும் 'வாடாமல்லி'யையும் அதற்கடுத்து எடுங்கள். இரண்டும் மனசைப் பிசையும். படித்து முடித்த வாரத்தில், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம் கடைசியாக எப்போது உடம்பைப் பரிசோதித்துக்கொண்டார் என்று கேளுங்கள். இன்னும் இல்லை என்றால், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஒரு நாள் கூடப் போய்விட்டு வாருங்கள். அங்கே சீட்டு எழுதுபவர், "இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்பார். என்ன பதில் சொல்வது என்று போகும் வழியிலேயே இருவருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.